உமிழ்நீரைத் தூண்டும் ஸ்பிரே: யாருக்கு, எப்போது, எப்படி

வாய் வறட்சி என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி இது: "ஊறுகாயை நாக்கில் வைத்தால் எச்சில் ஊறுகிறதா?" சிலர் சிரித்துவிடுகிறார்கள். சிலர் யோசித்துவிட்டு, "இப்போதெல்லாம் இல்லை டாக்டர், எரிச்சல்தான் வருது" என்கிறார்கள். எந்த ஸ்பிரேயை வாங்குவது, வாங்கவே வேண்டாமா என்பதில் பாதியை இந்தப் பதிலே முடிவு செய்துவிடுகிறது.

வாய் வறட்சிக்கென்று விற்கும் ஸ்பிரேக்கள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இரண்டு வேறு வேலைகளைச் செய்பவை. ஒரு வகை வாயை நனைக்கும். கிளிசரின், கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் போன்ற வழுவழுப்பான பொருள்கள் அதில் இருக்கும். இல்லாத எச்சிலின் இடத்தை அவை கொஞ்ச நேரம் நிரப்பும். இன்னொரு வகை சுரப்பியைத் தூண்டும். மாலிக் அமிலம், சிட்ரிக் அமிலம் போன்ற புளிப்புப் பொருள் மிகக் குறைந்த அளவில் அதில் இருக்கும். நாக்கில் புளிப்பு பட்டதும் உங்கள் சொந்த எச்சிலே சுரந்து வர வேண்டும் என்பது கணக்கு. கிணற்றில் ஊற்று இருந்தால்தான் மோட்டார் போட்டுப் பயன். சுரப்பி உயிரோடு இருப்பவருக்குத் தூண்டும் ஸ்பிரே நல்ல துணை. சுரப்பி செயலிழந்தவருக்கு அதே ஸ்பிரே பல்லை அரிக்கும் புளிப்புத் தண்ணீர் மட்டுமே.

இந்த அத்தியாயம் பெரும்பாலும் தூண்டும் வகையைப் பற்றியது. ஆனால் பலருக்குப் பகலில் ஒன்றும் இரவில் மற்றொன்றும் தேவைப்படுவதால் நனைக்கும் வகையும் இடையிடையே வரும்.

புளிப்பு ஏன் வேலை செய்கிறது

காதுக்கு முன்னால் இரண்டு, கீழ்த்தாடைக்கு அடியில் இரண்டு, நாக்குக்கு அடியில் இரண்டு என மூன்று ஜோடிப் பெரிய சுரப்பிகள் நமக்கு உண்டு. இவை தவிர உதடு, கன்னம், அண்ணம் எங்கும் நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு சுரப்பிகள் பரவியிருக்கின்றன. எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரைத் தருகின்றன. அதில் 99 சதவீதம் தண்ணீர்தான். மீதி ஒரு சதவீதத்தில்தான் சூட்சுமம் எல்லாம் இருக்கிறது. உணவை வழுக்கி உள்ளே இறக்கும் மியூசின், அமிலத்தை அடக்கும் பைகார்பனேட், தேய்ந்த பல்லுக்குத் திரும்பிச் சேரும் கால்சியமும் பாஸ்பேட்டும், கிருமியை எதிர்க்கும் புரதங்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். இவற்றில் பெரும்பாலானவற்றை எந்த பாட்டிலிலும் அடைத்து விற்க முடியாது. சொந்த எச்சிலைக் கொஞ்சமாவது வரவழைக்க முடிந்தால் அதையே முதலில் முயல வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆரோக்கியமான ஒருவருக்கு நிமிடத்துக்குச் சுமார் 0.3 மில்லிலிட்டர் சுரக்கும். தூங்கும்போது அது ஏறக்குறைய நின்றுவிடும். மென்றாலோ புளிப்போ உப்போ நாக்கில் பட்டாலோ பல மடங்கு பெருகும். சுவைகளில் புளிப்புதான் சுரப்பியை அதிகம் தூண்டுவது. நாக்கில் எழும் அந்தச் செய்தி நரம்பு வழியே மூளையின் அடித்தண்டுக்குப் போகிறது. அங்கிருந்து திரும்பி வரும் நரம்புகள் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரப்பியின் மேல் விடுகின்றன, சுரப்பி திறந்துகொள்கிறது. இந்தக் கடைசிக் கட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாயை வறளச் செய்யும் மாத்திரைகளில் மிகப் பல அந்த இடத்தில்தான் குறுக்கே நிற்கின்றன.

ஒருவருடைய வழக்கமான சுரப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்த பிறகே வறட்சி அவருக்குத் தெரிய ஆரம்பிக்கும். "இப்போதான் ரெண்டு வாரமா வறண்டுபோகுது" என்று ஒருவர் சொன்னால், குறையத் தொடங்கி அதைவிட நாளாகியிருக்கும். இதற்கு நேர்மாறும் உண்டு. எச்சில் அளவு சரியாக இருந்தும் வாய் வறண்டதுபோல் சிலருக்குத் தோன்றும். மூக்கடைப்பால் வாய் வழியே மூச்சு விடுவது, மனப்பதற்றம், வாய் எரிச்சல் நோய் போன்றவை காரணமாக இருக்கலாம். அவர்களுக்குத் தூண்டும் ஸ்பிரே பெரிதாக உதவாது.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

வீட்டிலேயே செய்யலாம். சாப்பிட்டு, பல் துலக்கி ஒரு மணி நேரம் ஆன பிறகு அமைதியாக உட்காருங்கள். தலையைச் சற்றுக் குனிந்து, நாக்கையும் கன்னத்தையும் அசைக்காமல், ஊறும் எச்சில் தானாக ஒரு சிறு கிண்ணத்தில் வடியட்டும். ஐந்து நிமிடம் கடிகாரம் பார்த்துச் செய்யுங்கள். பிறகு ஊசி இல்லாத சிரிஞ்சால் அதை உறிஞ்சி அளந்து பாருங்கள். ஒன்று ஒன்றரை மில்லி இருந்தால் கவலையில்லை. அரை மில்லியைத் தொடவில்லை என்றால் அது நிமிடத்துக்கு 0.1 மில்லிக்கும் குறைவு. சுரப்பி மெய்யாகவே சோர்ந்திருக்கிறது என்று பொருள்.

இப்போது சர்க்கரை இல்லாத சூயிங்கம் ஒன்றை மென்றபடி இன்னொரு ஐந்து நிமிடம் எச்சிலைச் சேருங்கள். இரண்டாம் அளவு முதல் அளவைவிடத் தெளிவாகக் கூடியிருந்தால் சுரப்பி அழைத்தால் வரும் நிலையில் இருக்கிறது. தூண்டும் ஸ்பிரே உங்களுக்கானது. மென்றும் ஒன்றும் வரவில்லை, கம் பல்லிலும் அண்ணத்திலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் தூண்டி எடுக்க அங்கே அதிகம் இல்லை. நனைக்கும் வகையைப் பாருங்கள், மருத்துவரையும் பாருங்கள். வீட்டு அளவை துல்லியமானதல்ல. ஆனால் மருத்துவமனையிலும் இதே வழியில்தான், இன்னும் கவனமாக, அளக்கிறார்கள். மெல்லுவதற்குப் பாரஃபின் மெழுகு கொடுப்பார்கள், அவ்வளவே வேறுபாடு.

சிரிஞ்சும் கிண்ணமும் வேண்டாம் என்பவர்கள் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். ரஸ்க், பொரி, பொட்டுக்கடலை போன்றவற்றை இடையில் தண்ணீர் குடிக்காமல் விழுங்க முடிகிறதா? சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வாய் காய்கிறதா? எந்த உணவையும் விழுங்கச் சிரமமாக இருக்கிறதா? எச்சில் குறைந்துவிட்டது என்று உங்களுக்கே தோன்றுகிறதா? பேசும்போதும் இரவிலும் மட்டும் வறட்சி, சாப்பாட்டு நேரத்தில் தொந்தரவே இல்லை என்பவர்களுக்குச் சுரப்பி நன்றாகத் தூண்டலை ஏற்கிறது. உணவு வாயில் இருக்கும்போதும் வறட்சி என்பதுதான் கவலைக்குரிய நிலை.

மாத்திரைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள்

பெரியவர்களுக்கு வாய் வறள்வதற்கு மிகச் சாதாரணமான காரணம் அவர்கள் சாப்பிடும் மருந்துதான். நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் இரவில் தரும் அமிட்ரிப்டைலின், ஜலதோஷ மாத்திரைகளில் இருக்கும் குளோர்ஃபெனிரமின், சிறுநீர் அவசரத்துக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், சோலிஃபெனாசின், மனநல மருந்துகளோடு கூடவே எழுதப்படும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் ஆகியவை மேலே சொன்ன அசிட்டைல்கோலின் வழியை நேராக அடைப்பவை. நீர் பிரியும் மாத்திரை, வலுவான வலி நிவாரணிகள் போன்றவை வேறு வழியில் அதே வறட்சியைத் தருகின்றன. ஒவ்வொன்றும் தனியே சிறிதாகத் தெரியும். நான்கைந்து சேர்ந்தால் வாய் பாலைவனமாகிறது. இதய மருத்துவர் ஒன்று, நரம்பு மருத்துவர் ஒன்று, தெருமுனைக் கடைக்காரர் ஒன்று என்று கொடுத்தவர்கள் வேறு வேறாக இருப்பதால், மொத்தத்தையும் ஒருசேரப் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார்.

எனவே ஸ்பிரே வாங்கக் கிளம்பும் முன் வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு உங்கள் வழக்கமான மருத்துவரிடம் போங்கள். மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், வேளையை மாற்றலாம். சில நேரம் எதையும் மாற்ற முடியாமலும் போகலாம். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். மனச்சோர்வு மருந்தையோ பிபி மாத்திரையையோ திடீரென்று விட்டால் வரும் ஆபத்து வாய் வறட்சியைவிடப் பல மடங்கு பெரியது. மருந்தை விட முடியாது, வறட்சியையும் தாங்க முடியாது என்கிற இந்த இக்கட்டில்தான் தூண்டும் ஸ்பிரே தன் மதிப்பைக் காட்டுகிறது. இவர்களுடைய சுரப்பி கெட்டுப்போகவில்லை. அதற்கு வரும் அழைப்பு பலவீனமாகிவிட்டது. புளிப்பு அந்த அழைப்பை உரக்கச் சொல்கிறது.

ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழகத்தில் கோமெஸ்-மொரேனோவும் அவரது குழுவினரும் இதைத்தான் சோதித்தார்கள். மனச்சோர்வு மருந்தாலும் ரத்தக்கொதிப்பு மருந்தாலும் வாய் வறண்டவர்களுக்கு ஒரு சதவீத மாலிக் அமிலம் கலந்த ஸ்பிரேயை இரண்டு வாரம் கொடுத்தார்கள். அதில் சைலிட்டாலும் ஃபுளோரைடும் சேர்த்திருந்தார்கள். ஒப்பீட்டுக்கு வேறு சிலருக்கு அமிலம் இல்லாத ஸ்பிரே கொடுக்கப்பட்டது. 2013 வாக்கில் வெளிவந்த அந்த ஆய்வுகளில் மாலிக் அமிலம் பெற்றவர்களுக்கு வறட்சி குறைந்தது. எச்சில் அளவும் கூடியது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வாய்க்குள் போடும் வறட்சி மருந்துகள் அனைத்தையும் பற்றி 2011-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 36 சோதனைகளை அலசியது. எந்த ஒன்றும் நிச்சயமாகப் பலன் தரும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. ஆக்சிஜனேற்றம் செய்த கிளிசரால் ட்ரைஎஸ்டர் என்ற எண்ணெய்ப்பசை ஸ்பிரே, தண்ணீரால் ஆன உப்புக்கரைசல் ஸ்பிரேயைவிட மேலாக இருந்தது என்று மட்டும் குறித்தது. சூயிங்கம் எச்சிலைக் கூட்டுகிறது என்பதையும் ஏற்றுக்கொண்டது. கிரனாடா ஆய்வுகள் அதற்குப் பின் வந்தவை. அவையும் சிறிய, குறுகிய கால ஆய்வுகள்தான். இதையெல்லாம் வைத்து நான் எடுத்திருக்கும் நிலை: மருந்தால் வந்த வறட்சிக்கு, பல்லைக் காக்கும் ஏற்பாட்டோடு, இரண்டு வாரம் முயன்று பார்க்கத் தகுந்தது. அதற்கு மேல் எந்த விளம்பரம் எதைச் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

பாட்டிலின் பின்பக்கம்

லேபிளில் எழுத்து பொடியாக இருக்கும். கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். மாலிக் அமிலம் இருக்கிறதா, சிட்ரிக் அமிலமா என்று பாருங்கள். மாலிக் அமிலம் ஆப்பிளில் இயற்கையாக உள்ளது. 1785-இல் ஷீலே என்ற வேதியியலாளர் ஆப்பிள் சாற்றிலிருந்தே அதைப் பிரித்தெடுத்தார். எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம் பல்லின் கால்சியத்தைப் பற்றி இழுக்கும் குணம் கொண்டது. இரண்டும் கிடைத்தால் மாலிக்கைத் தேர்ந்தெடுங்கள். கூடவே ஃபுளோரைடும் சைலிட்டாலும் இருந்தால் நல்லது. சர்க்கரையோ ஆல்கஹாலோ இருந்தால் பாட்டிலைத் திருப்பி வைத்துவிடுங்கள். ஆல்கஹால் ஏற்கெனவே காய்ந்த வாயை மேலும் காயவைக்கும்.

நம்மூர் மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கைக்கு எட்டுவது நனைக்கும் வகைதான். தூண்டும் வகையைப் பெரும்பாலும் கேட்டு வரவழைக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி அனுப்புவதும் உண்டு. அப்படி வருவதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. பிரிட்டனில் கிடைக்கும் சலைவா ஆர்த்தானா என்ற நனைக்கும் ஸ்பிரேயில் பன்றி இரைப்பையிலிருந்து எடுத்த மியூசின் இருக்கிறது. சைவ உணவுக்காரர்களும் இஸ்லாமியர்களும் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது அவர்கள் உரிமை. அதேபோல் கிளாண்டோசேன் என்ற இன்னொரு செயற்கை எச்சில் ஸ்பிரே நனைக்கும் வகையானாலும் அமிலத்தன்மை கொண்டது. சொந்தப் பல் உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல. நனைக்கும் ஸ்பிரே என்றாலே பல்லுக்குத் தீங்கில்லாதது என்று எண்ணிவிடக் கூடாது.

சைலிட்டால் நமக்கு நல்லது, நாய்க்கு விஷம். வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் பாட்டிலையும் சூயிங்கத்தையும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

அடிக்கும் முறை

பாட்டிலைக் குலுக்குங்கள். முதல் முறை திறக்கும்போது ஒன்றிரண்டு தடவை காற்றில் அடித்து, மருந்து சீராக வருகிறதா என்று பாருங்கள். மூச்சை இழுக்காமல் ஒரு கணம் நிறுத்திக்கொண்டு, நாக்கின் மேல் ஒரு முறை, இரண்டு கன்னங்களின் உட்புறமும் ஒவ்வொரு முறை அடியுங்கள். தொண்டையை நோக்கி அடிக்க வேண்டாம். இருமலும் புரையேறுதலும்தான் மிஞ்சும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பல்லின் மேல் நேராகவும் அடிக்காதீர்கள். அடித்த பிறகு வாயை மூடி, நாக்கால் கன்னத்தையும் அண்ணத்தையும் மெதுவாகத் துழாவியபடி ஒரு நிமிடம் இருங்கள். ஊறி வரும் எச்சிலை உடனே விழுங்கிவிடாமல் வாய் முழுவதும் பரவ விடுங்கள். அந்த எச்சில்தான் நீங்கள் தேடிய மருந்து.

சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் முன்பு ஒரு தடவை என்பது மிக நல்ல வேளை. அதன்பின் மெல்லுவதே தூண்டலைத் தொடரும். நீண்ட நேரம் பேச வேண்டியவர்கள், ஆசிரியர்கள், கடையில் நின்று விற்பவர்கள், பேசத் தொடங்கும் முன் ஒரு தடவை பயன்படுத்தலாம். வாய் காயும்போதெல்லாம் அடிக்கலாம் என்றாலும் ஒரு நாளைக்கு எட்டு வேளை என்பதை உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டிலில் அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

அடித்த கையோடு பல் துலக்கக் கூடாது. அமிலம் பட்டு இளகியிருக்கும் எனாமலைப் பிரஷ் தேய்த்து எடுத்துவிடும். குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள்.

படுக்கப்போகும்போது தூண்டும் ஸ்பிரேயைத் தவிருங்கள். தூக்கத்தில் சுரப்பி ஓய்வெடுக்கிறது. தூண்டினாலும் நிலைக்காது, அமிலத்தைக் கழுவிவிட எச்சிலும் இருக்காது. இரவுக்கு நனைக்கும் ஜெல்லோ ஸ்பிரேயோதான் சரி. ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் எல்லாம் மெல்லிய பூச்சாகத் தடவிக்கொண்டு படுங்கள். ஒன்றும் கிடைக்காத ஊரில் விரல் நுனியால் தேங்காயெண்ணெயைக் கன்னத்தின் உட்புறமும் உதட்டிலும் லேசாகத் தொட்டுக்கொள்வதை நான் தடுப்பதில்லை. விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் மட்டும் எண்ணெய் வேண்டாம். அது நுரையீரலுக்குள் இறங்கினால் ஆபத்து. படுக்கையறையில் ஃபேன் நேராக முகத்தில் அடித்தால் கட்டிலை நகர்த்துங்கள். மூக்கடைப்பு இருந்தால் அதற்கு முதலில் வைத்தியம் பாருங்கள்.

முனையை வாரம் ஒரு முறை வெந்நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். கணவன் மனைவியானாலும் ஒரே பாட்டிலைப் பகிர வேண்டாம்.

பல்லைக் காப்பது பாதி வைத்தியம்

எச்சில் குறைந்த வாயில் பல் எவ்வளவு வேகமாகச் சொத்தையாகும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அறுபது வயது வரை ஒரு பல்கூட கெடாதவருக்கு ஓரிரு ஆண்டுகளில் ஈறு ஓரமாக வரிசையாகக் கறுத்து உடைவதை நான் மறுபடி மறுபடி பார்க்கிறேன். காரணம் எளிது. எனாமல் 5.5 என்ற பிஎச் அளவுக்குக் கீழே போனால் கரையத் தொடங்கும். வயதானவர்களுக்கு ஈறு இறங்கி வெளித்தெரியும் வேர்ப்பகுதி அதைவிட மென்மையானது. பிஎச் 6-க்குச் சற்று மேலேயே கரையும். சாதாரண வாயில் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் உமிழ்நீர் இந்த அமிலத்தை அடக்கிவிடுகிறது. வறண்ட வாயில் அடக்க ஆளில்லை. அங்கே புளிப்பு ஸ்பிரேயையும் கொண்டுபோய் அடிக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

அதனால் தூண்டும் ஸ்பிரே பயன்படுத்தும் ஒவ்வொருவரும் காலையும் இரவும் ஃபுளோரைடு பற்பசையால் துலக்க வேண்டும். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர் விட்டு வாயைக் கொப்பளித்து ஃபுளோரைடு முழுவதையும் கழுவிவிடாதீர்கள். பல நாடுகளில் இவர்களுக்கென்று 5000 பிபிஎம் ஃபுளோரைடு பற்பசையை மருத்துவர் சீட்டின்பேரில் தருகிறார்கள். நம்மூரில் பல் மருத்துவரிடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஃபுளோரைடு வார்னிஷ் பூசிக்கொள்வது எளிது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வருபவர்கள் ஃபுளோரைடு என்றதும் அஞ்சுவார்கள். நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடால் பல் கறைபட்டும் எலும்பு வளைந்தும் துன்பப்பட்ட மண் அது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் பல்லில் கறை விழுவது பல் உருவாகும் சிறுவயதில். எலும்பு பாதிப்பு ஆண்டுக்கணக்கில் குடித்து உள்ளே போனதால். வளர்ந்தவர் பல்லின் மேல் தடவித் துப்பும் ஃபுளோரைடு வேறு கணக்கு.

ஸ்பிரேக்குச் செலவழிக்க வேண்டாம், எலுமிச்சைத் துண்டையோ புளியையோ நெல்லிக்காயையோ அடக்கிக்கொண்டால் போதாதா என்று கேட்பார்கள். எச்சில் வரும், உண்மைதான். ஆனால் அதில் அமிலத்தின் அளவு நம் கையில் இல்லை. நாள் முழுக்க அடக்கினால் பல் தேய்ந்துபோகும். புளிப்பு மிட்டாய் இன்னும் மோசம். அமிலத்தோடு சர்க்கரையும் சேர்கிறது. சாப்பாட்டோடு ஒரு துண்டு ஊறுகாய், உணவில் ரசம் என்பதோடு வீட்டுப் புளிப்பை நிறுத்திக்கொள்ளுங்கள். சர்க்கரையில்லாத சூயிங்கம் நல்ல மாற்று. பல் கட்டியவர்களுக்கும் தாடை மூட்டு வலிப்பவர்களுக்கும் அது முடியாது. அவர்களுக்கு ஸ்பிரேதான் வசதி.

முழுப் பல்செட் போட்டிருப்பவர்களுக்கு அரிக்கச் சொந்தப் பல் இல்லை. அந்தக் கவலை குறைவு. ஆனால் பல்செட் பிடித்து நிற்பதே எச்சிலின் ஈரத்தால்தான். அது குறையும்போது செட் ஆடும், ஈறு புண்ணாகும், பூஞ்சை பிடிக்கும். இரவில் கழற்றி வையுங்கள். போடும் முன் செட்டின் உட்புறத்தில் நனைக்கும் ஸ்பிரேயை ஒரு தடவை அடித்துக்கொள்ளுங்கள்.

யார் தொடக் கூடாது, யாருக்கு வேறு வழி

வாயில் புண் இருக்கும்போது தூண்டும் ஸ்பிரே வேண்டாம். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த வாரங்களில் வாய் முழுதும் வெந்துபோயிருக்கும். அதில் புளிப்பு பட்டால் நெருப்புப் பட்டதுபோலிருக்கும். கரண்ட் முடிந்த பிறகும் சுரப்பி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது அது வாங்கிய கதிர்வீச்சைப் பொறுத்தது. காதருகே உள்ள சுரப்பிக்குச் சராசரியாக 26 கிரே அளவுக்குள் நிறுத்தினால் அது மெல்ல மீளும் வாய்ப்பு உண்டு. அதற்கு ஓரிரு ஆண்டுகள்கூட ஆகலாம். ஐஎம்ஆர்டி என்ற இப்போதைய கதிர்வீச்சு முறையில் சுரப்பியை ஒதுக்கிக் கதிரைச் செலுத்த முடிகிறது. சிகிச்சை தொடங்கும் முன்பே "என் எச்சில் சுரப்பியைக் காப்பாற்ற முடியுமா டாக்டர்?" என்று கேளுங்கள். முடிந்த பின் சில மாதம் கழித்து மேலே சொன்ன இரண்டு அளவையும் எடுத்துப் பாருங்கள். தூண்டினால் வருகிறது என்றால் மட்டும் ஸ்பிரேயைத் தொடங்கலாம். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: கதிர்வீச்சு பட்ட தாடையில் எந்தப் பல்லையும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் பிடுங்கக் கூடாது. எலும்பு ஆறாமல் அழுகிவிடலாம்.

வாயோடு கண்ணும் காய்கிறது, மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது, மூட்டு வலிக்கிறது, காதோரம் வீங்கி வீங்கி வடிகிறது என்றால் அது ஷோகிரன் நோயாக இருக்கலாம். 1933-இல் இதை விரிவாக எழுதிய ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஷோகிரனின் பெயர் அதற்கு. உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பிகளைத் தாக்கும் இந்த நோய் நடுவயதுப் பெண்களுக்குத்தான் மிக அதிகம். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. மூட்டு வாத மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வடியாமல் நிற்கும் வீக்கத்தை ஒருபோதும் அலட்சியப்படுத்தாதீர்கள். இவர்களுக்கும் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் பைலோகார்ப்பின் என்ற மாத்திரை உண்டு; வழக்கமாக 5 மில்லிகிராம், நாளுக்கு மூன்று அல்லது நான்கு வேளை. சுரப்பியை உள்ளிருந்து தூண்டும். வியர்வை கொட்டும் என்பது அதன் தொல்லை. கட்டுப்படாத ஆஸ்துமாவும் குறுகிய கோண கண் அழுத்த நோயும் உள்ளவர்களுக்கு ஆகாது. இதே பெயரில் கண் சொட்டு மருந்தும் இருப்பதால், அதை வாயில் விட்டுப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் இந்த ஸ்பிரே வேறு ஒரு வகையில் பெரிய உதவி. தண்ணீர் குடிக்க அளவு இருக்கிறது. பலருக்கு நாளுக்கு ஒரு லிட்டரை ஒட்டியே அனுமதி. வாயோ காய்கிறது. மற்றவர்களுக்கு "அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள்" என்று சொல்வதை இவர்களுக்குச் சொல்ல முடியாது. சில சொட்டு அளவே உள்ள ஸ்பிரே, தாகத்தோடு போராடும் அந்த மனிதருக்கு நாளைக் கடத்த உதவும். இளநீர் வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம்; ஐஸ் கட்டியைச் சப்பினால் அதையும் தண்ணீர்க் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வாய் காய்கிறது, தாகம் எடுக்கிறது, சிறுநீரும் அடிக்கடி போகிறது என்றால் ஸ்பிரே வாங்கும் முன் சுகர் பாருங்கள்.

இரண்டு வாரம்

ஒரு தாளில் தேதி போட்டு, சாப்பிடும்போது, பேசும்போது, இரவில் என்று மூன்று நேரத்துக்கும் வறட்சி எப்படி என்று ஒரு சொல் எழுதி வாருங்கள். பதினான்காம் நாள் எச்சிலை மறுபடி அளந்து பாருங்கள். தேறியிருந்தால் தொடருங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பல் மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள். பல் கூச ஆரம்பித்தால், நாக்கில் வெள்ளைப் படலம் படிந்தால், உதட்டோரம் வெடித்துப் புண்ணானால் உடனே நிறுத்திவிட்டு அவரிடம் போங்கள். பூஞ்சைத் தொற்றுக்குத் தனி மருந்து இருக்கிறது. ஸ்பிரே அதைத் தீர்க்காது. இரண்டு வாரத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால் இன்னொரு கம்பெனியின் தூண்டும் ஸ்பிரேயைத் தேடிப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். நனைக்கும் வகைக்கு மாறுங்கள். எச்சில் ஏன் வரவில்லை என்று மருத்துவரிடம் கேளுங்கள்.